பிட்காயினில் நேரும் இடர்களும் அவை தீரும் வகையும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எமக்குப் பிட்காயினைப் பற்றி எழுத என்ன தகுதி என்று இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர்கள் வினவலாம். வினவுதல் முறையே. கணிதப் பகுதியினரும் பொருளாதாரப் பகுதியினரும் இருக்க யாம் இப்பொருளை மேற்கொண்டது, எமது ஊரில் எம் கண்ணெதிரே நேர்ந்த ஒரு நட்டத்தினால். அந்நட்டத்திற்குப் பின்னர் விடுமுறைதோறும் தெருவிலுள்ளார் சிலர் தத்தம் கைப்பேசியுடன் எம்மிடம் வரத் தொடங்கினர். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை என்பதே எமக்கு அவர்கள் தந்த பட்டம். அவர்கட்கு விடை கூறும்பொருட்டுக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். பிட்காயினை வாங்குக என்றேனும் வாங்கற்க என்றேனும் கூற யாம் வரவில்லை. வாங்கினார்க்கு இடர் நேருமிடத்து யாது செய்யலாம் என்பதொன்றே எம் பொருள்.

எமது ஊராகிய முத்தையாபுரம் தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர்ச் சாலையில் உள்ளது. ஒருபுறம் உப்பளங்கள், அருகே துறைமுகமும் அனல்மின் நிலையமும். எமது தெருவில் கப்பல் வேலைக்குச் சென்றார் பலர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் எமது ஜில்லாவிற் பெய்த பெருமழையை மறந்தார் இலர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. அம்மழையில், எமக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவரது வீட்டின் பின்சுவர் சரிந்தது. அவருடைய மூத்த குமாரர் சரக்குக் கப்பலொன்றிற் பணிபுரிபவர். அவ்வண்ணன் தம் சேமிப்பில் ஒரு பகுதியைச் சில ஆண்டுகளாகப் பிட்காயினாக வாங்கி வைத்திருந்தார். சுவரெழுப்பும்பொருட்டு அதனை வீட்டிலிருந்த தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பினார். அனுப்பிய நாள் 2024 ஏப்ரல் 20, அஃதாவது நாடாளுமன்றத் தேர்தலுக்கு எமது தொகுதியார் வாக்களித்ததற்கு மறுநாள். பணம் புறப்பட்டது என்று அண்ணன் கைப்பேசி கூறிற்று. கைக்கு வரவில்லை என்று தம்பி கைப்பேசி கூறிற்று. இரண்டும் உண்மையே. அஃது எங்ஙனம் என்பதை அறிந்திருப்பின் பின்னர் நிகழ்ந்தது நிகழ்ந்திராது.

பிட்காயின் பையிலிடும் காசன்று. உலகத்தார் எவரும் பார்க்கத்தக்க ஒரு பெரும் பேரேட்டில் எழுதப்பட்ட வரவுசெலவே அது. சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் ஒருவர், அல்லது ஒரு குழுவினர், 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இதன் திட்டத்தை வெளியிட்டனர். 2009 ஜனவரி 3ஆம் நாள் பேரேட்டின் முதல் ஏடு எழுதப்பட்டது. அந்நாள் தொட்டு ஏறத்தாழப் பத்து நிமிஷத்திற்கு ஓர் ஏடாக இன்றுவரை அது வளர்ந்து வருகிறது. ஓர் ஏட்டினைப் பிளாக் என்பர். பேரேட்டின் பிரதிகள் உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகளில் உள்ளன. ஆதலின் ஒருவர் அழிக்க ஒன்று அழியாது. வாலட் என்று வழங்கும் கைப்பேசிப் பணப்பையிற் பணம் இல்லை. பேரேட்டில் எமது பெயர்க்கு நேரே நிற்கும் தொகையைச் செலவெழுதும் உரிமை தரும் இரகசியச் சாவியே அதனுள் உள்ளது. கைப்பேசி உடைந்தால் பணம் உடைவதில்லை. சாவி பிறர் கைக்குப் போயின், கைப்பேசி எம் சட்டைப்பையிலேயே இருப்பினும் பணம் போய்விடும்.

இவ்வொன்றைத் தெளிந்தார்க்கு மற்றவை எளியன. இடர் நேர்ந்தவுடன் கேட்க வேண்டுவது, இது பேரேட்டில் நேர்ந்த தாமதமா, சாவியில் நேர்ந்த குறையா, அன்றிச் சாவியை நம்பிப் பிறரிடம் ஒப்படைத்ததால் நேர்ந்த வழக்கா என்பதே. பேரேட்டைப் பார்ப்பதற்கு எவருடைய தயவும் வேண்டுவதில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் எண் உண்டு. பிளாக் எக்ஸ்ப்ளோரர் என்னும் இணையப் பக்கங்களில் ஒன்றில் அவ்வெண்ணை இட்டால், அஃது ஏடேறிற்றா, காத்திருக்கின்றதா என்பது விளங்கும். அவ்வெண்ணைப் பிறர்க்குக் காட்டுவதாற் பணத்தை எவரும் எடுக்க இயலாது.

தம்பியின் பணம் காத்திருந்தது. எதற்காக? ஓர் ஏட்டில் இடம் சிறிது. ஏறக் காத்திருப்பவை பல. மெம்பூல் என்னும் காத்திருப்பிடத்தில் அனைத்தும் நிற்கும். ஏடெழுதுவோர் மிகுந்த கட்டணம் கட்டியவற்றை முன்னர் ஏற்றுவர். இக்கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்ததன்று. பரிவர்த்தனை ஏட்டில் அடைக்கும் இடத்தைப் பொறுத்தது. எமது துறையிலிருந்து மாலத்தீவுக்குத் தோணி ஏற்றுவோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒரு சிறு பெட்டி நிறையப் பொன் இருப்பினும் அஃது அடைக்கும் இடம் சிறிது; வெங்காய மூட்டைகள் விலை குறைந்தனவாயினும் அடைக்கும் இடம் பெரிது. அவ்வாறே, பத்து ரூபாய், இருபது ரூபாயாகப் பலமுறை சிறுகச் சிறுகப் பெற்ற பிட்காயினை ஒருங்கே அனுப்புவோர்க்குக் கட்டணம் மிகும். ஒரே வரவாகப் பெற்ற பெருந்தொகையை அனுப்புவோர்க்குக் குறையும். எம்மிடம் வந்தாருள் இதனை அநீதி என்று சினந்தார் இருவர்.

2024 ஏப்ரல் 20 ஒரு தனி நாள். ஏடெழுதுவோர் பெறும் புதுக்காசு ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். அன்று இந்திய நேரம் விடியற்காலையில் 8,40,000ஆம் ஏட்டில் அது 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆயிற்று. அதே ஏட்டில் ரூன்ஸ் என்னும் புதுவகை நாணயங்களைப் பதியும் முறையும் தொடங்கிற்று. அதனை முந்திப் பதிய விரும்பினோர் கூட்டம் முண்டியடித்தது. அன்றைய சராசரிக் கட்டணம் ஒரு பரிவர்த்தனைக்கு நூறு டாலருக்கு மேற்சென்றது. அண்ணன் இவை ஒன்றும் அறியார். பழைய நாட்களிற் கட்டியது போன்றே சிறு கட்டணம் கட்டி அனுப்பிவிட்டார். துறைமுக வாயிலில் லாரிகள் நிற்பது போல அவர் பணம் வரிசையின் கடைசியில் நின்றது.

இத்தகைய தாமதத்திற்கு வழி உண்டு. முதலாவது, பொறுத்திருத்தல். கூட்டம் கலைந்தால் கட்டணம் தாழும். தாழ்ந்தவுடன் பரிவர்த்தனை தானே ஏறும். இரண்டு வாரம் கழிந்தும் ஏறாதாயின், பிட்காயின் கோர் என்னும் மூல மென்பொருளை இயக்குவோருடைய பொறிகள் இயல்பாகவே அதனை மறந்துவிடும். பணம் அனுப்பினார் பெயரிலேயே, புறப்படாதது போல நிற்கும். பொறுக்க இயலாதவர்க்கு வேறு இரண்டு வழிகள் உள. அனுப்பினார் அதே பணத்தை மிகுந்த கட்டணத்துடன் மறுமுறை எழுதி முன்னதனை விலக்கலாம். பல வாலட்டுகளிற் கட்டணம் உயர்த்துக என்னும் பொத்தானாக இஃது இருக்கின்றது. பெறுவாரும் ஒன்று செய்யலாம். இன்னும் ஏறாத அவ்வரவையே தம் மற்றொரு முகவரிக்கு மிகுந்த கட்டணத்துடன் செலவெழுதினால், பிள்ளையின் கட்டணத்தைப் பெற விரும்பும் ஏடெழுதுவோர் தாயையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். பணம் கட்டினால் நொடியில் ஏற்றித் தருவோம் என்று கூறும் அயலாரை நாட வேண்டிய காரியம் எதுவும் இதில் இல்லை.

கட்டணத்தைக் கையால் எழுதுவோர் எண்ணை இருமுறை நோக்குக. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் பாக்ஸோஸ் கம்பெனியார் ஒரு பிட்காயினில் பத்திலொரு பங்கினும் குறைந்த தொகையை அனுப்ப, மென்பொருட் பிழையால் ஏறத்தாழ 20 பிட்காயின் கட்டணம் கட்டிவிட்டனர். அவ்வேட்டை எழுதிய எப்2பூல் என்னும் குழுவினர் அதனைத் திருப்பித் தந்தனர். திருப்பித் தரவேண்டும் என்னும் விதி ஒன்றும் இல்லை.

இனி எமது தெருவிற்கு வருவோம். தம்பி அன்று முழுதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனுடைய கப்பல் நடுக்கடலில். செய்தி போய் வர நேரமாகும். மறுநாள் அவன் டெலிகிராம் குழு ஒன்றில், பணம் வரவில்லை, யாரேனும் உதவுக என்று எழுதினான். சில நிமிஷத்திற்குள் ஒருவன் தனியே பேச வந்தான். வாலட் கம்பெனியின் உதவி மையத்தவன் என்று தன்னைக் கூறிக்கொண்டான், பணிவாகப் பேசினான், வாலட்டைப் பேரேட்டோடு இணைக்க வேண்டும் என்றான், ஒரு பக்கத்தை அனுப்பி, அதிற் பன்னிரண்டு மீட்புச் சொற்களையும் வரிசையாக எழுதச் சொன்னான். தம்பி எழுதினான். அப்பன்னிரண்டு சொற்களே சாவி. 24 மணி நேரத்திற் சரியாகும் என்று கூறியவன் பின்னர்ப் பேசவேயில்லை.

ஐயம் அன்றிரவே தம்பிக்குத் தோன்றியிருக்கின்றது. ஆயினும் பெரியம்மாவிடம் கூற அஞ்சினான். அண்ணனிடம் கூற அதனினும் அஞ்சினான். ஒன்பதாம் நாள் கட்டணம் தாழ, பரிவர்த்தனை தானே ஏடேறிற்று. பணம் தம்பியின் பெயரில் வந்து நின்றது. சில நிமிஷத்திற்குள் அஃது அறியாத ஒரு முகவரிக்குச் செலவெழுதப்பட்டது. சாவி பெற்ற திருடர் இதற்கென்றே நிரல்களை எழுதி, வரவு வந்தவுடன் வாரிக்கொள்ளுமாறு இரவும் பகலும் இயங்க விட்டிருப்பர். அன்று மாலையே தம்பி எம்மிடம் வந்து கைப்பேசியைக் காட்டினான். யாம் அப்பொழுது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதிவிட்டு வீட்டிலிருந்தோம். எமக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பின்னர்க் கற்றபொழுது எமக்கு மிக்க வருத்தம் தந்தது இது: சொற்களைக் கொடுத்த நாளிலிருந்து எட்டு நாள், அப்பணம் இழக்கப்படாமலே இருந்தது. அஃது ஏடேறவில்லை, ஆதலின் இன்னும் அண்ணனுடையதே. அண்ணனுக்கு ஒரு வரி சென்றிருப்பின், மேலே கூறியவாறு, மிகுந்த கட்டணத்துடன் அதே பணத்தைத் திருடன் அறியாத ஒரு புது முகவரிக்கு மறுமுறை எழுதி முன்னதனை விலக்கியிருக்கலாம். திருடனும் பெறுவார் செய்யத்தக்க வழியால் விரைவுபடுத்தக் கூடும். ஆயினும் அவன் அதனைச் செய்யவில்லை, எட்டு நாளும் வாளா இருந்தான். கப்பலுக்கு ஒரு செய்தி போதுமாயிருந்தது. தாமதம் என்பது இழப்பன்று. அஃதே பாதுகாப்பாயும் இருந்தது. அதனை இழப்பென்று அஞ்சியதே இழப்பிற்குக் காரணமாயிற்று.

நிற்க, மீட்புச் சொற்களைப் பற்றிச் சிறிது விரிப்போம். எம்மிடம் வருவோர்க்கு நேரும் இடர்களிற் பெரும்பாலன இவற்றைப் பற்றியனவே. 2013ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறைப்படி, 2048 ஆங்கிலச் சொற்கள் அடங்கிய ஒரு பட்டியல் உண்டு. அதிலிருந்து பன்னிரண்டோ இருபத்துநான்கோ சொற்கள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படும். பட்டியலை அமைத்தார் ஒரு நுட்பம் செய்துள்ளனர்: முதல் நான்கு எழுத்துக்களைக் கண்டாலே சொல் இன்னதென்று துணியலாம், இரண்டு சொற்களுக்கு அந்நான்கும் ஒன்றாயிரா. மேலும், கடைசிச் சொல் ஏனைய சொற்களைச் சரிபார்க்கும் குறியைத் தன்னுட் கொண்டது. செய்யுளிற் சீர் ஒன்று சிதைந்தால் எதுகையும் தளையும் கொண்டு பாடத்தைத் துணியும் ஏட்டாராய்ச்சியாளர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

உப்பள வேலைக்காரர் ஒருவர் தம் சொற்களை உப்புக் கணக்கெழுதும் நோட்டின் கடைசித் தாளிற் பேனாவால் எழுதி வைத்திருந்தார். டிசம்பர் மழையில் நோட்டு நனைந்தது. பத்துச் சொற்கள் படிக்கும் நிலையில் இருந்தன. ஒன்பதாம் சொல்லில் முதல் மூன்றெழுத்தே தெரிந்தது. பதினோராம் சொல் முற்றும் கரைந்திருந்தது. அவர் அதனை எறிந்துவிட இருந்தார். ஒரு சொல் தெரியாதாயின் முயல வேண்டுவன 2048. அவற்றுள் சரிபார்க்கும் குறிக்கு இயைவன பதினாறில் ஒன்றாக ஏறத்தாழ 128. இரு சொற்களும் முற்றும் தெரியாதாயினும் முயல வேண்டுவன 41,94,304. இயைவன ஏறத்தாழ 2,62,000. மனிதர்க்கு மிகுதி, கணிப்பொறிக்குச் சிறிது. அவர்க்கோ மூன்றெழுத்துக் கிடைத்திருந்தமையாற் சில நூறே எஞ்சின. இணையத் தொடர்பைத் துண்டித்த ஒரு பழைய கணிப்பொறியில், எவர்க்கும் மூலத்தைப் படிக்கத் தரும் ஒரு மென்பொருளைக் கொண்டு, அவர் முன்னிலையிலேயே தேடினோம். தொகை பெரிதன்று; அவருடைய மகளின் பள்ளிக் கட்டணத்திற்கு ஆயிற்று. தாளைக் காட்டிலும் எஃகுத் தகட்டிற் பொறித்து வைத்தல் நன்று என்பர். எமது ஊரின் உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு ஆகாது. துருவேறாத எஃகே வேண்டும்.

சொற்கள் சரியாக இருந்தும் புதுக் கைப்பேசியில் இருப்பு பூஜ்யம் என்று காட்டுவதும் உண்டு. இதனைக் கண்டு கலங்கினார் எத்தனையோ பேர். ஒரே சொற்றொகுதியிலிருந்து நான்கு வகை முகவரிகள் பிறக்கின்றன: ஒன்று என்னும் எண்ணிலும், மூன்று என்னும் எண்ணிலும், பி-சி-1-கியூ, பி-சி-1-பி என்னும் குறிகளிலும் தொடங்குவன. பழைய வாலட் ஒரு வகையிலும் புதியது வேறு வகையிலும் தேடினால் பணம் தெரியாது. பழைய முகவரியின் முதலெழுத்தை நினைவுகூர்ந்து அவ்வகையைத் தேர்ந்தால் தெரியும். வாலட்டுகள் பெரும்பாலும் தொடர்ந்து 20 முகவரிகள் வெறுமையாயிருப்பின் மேலே தேடுவதை நிறுத்திவிடும். கடைக்காரர்களைப் போல ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு முகவரி தந்தோர் அவ்வெல்லையை உயர்த்த வேண்டும். சொற்களோடு தாமே ஒரு கடவுத்தொடரைச் சேர்த்து வைத்தோர் நிலை சற்றுக் கடினம். அத்தொடரில் ஓரெழுத்து மாறினாலும் பிழை என்று வாலட் கூறாது. வேறொரு வெறும் வாலட்டைத் திறந்து காட்டும்.

முகவரியைப் பற்றி ஒன்று. கையாற் பார்த்தெழுதும்பொழுது ஓரெழுத்துப் பிழைத்தால் பணம் பாழாகும் என்று அஞ்சுவர். அவ்வச்சம் பெரும்பாலும் வேண்டுவதில்லை. பழைய வகை முகவரிகளில் நான்கு பைட்டு அளவுள்ள சரிபார்ப்பு அடங்கியிருத்தலின், பிழைபட்ட முகவரி தப்பிச் செல்வது ஏறத்தாழ 430 கோடியில் ஒருமுறையே. பூஜ்யத்தையும் பெரிய ஓ எழுத்தையும் மயங்காமைப்பொருட்டு இரண்டையுமே நீக்கியுள்ளனர். ஆபத்து வேறிடத்தில் உள்ளது. முகவரியைப் படியெடுத்து ஒட்டும் இடைவேளையில் அதனைத் தன்னுடையதாக மாற்றிவிடும் தீய நிரல்கள் உண்டு. முதலும் கடைசியும் ஒத்த முகவரியொன்றிலிருந்து சிறு காசு அனுப்பி, அடுத்த முறை அதனையே எம் வரலாற்றிலிருந்து தவறாக எடுக்கச் செய்யும் வஞ்சகரும் உளர். ஆதலின் நடு எழுத்துக்களையும் ஒப்பு நோக்குக. ஏடேறிய பின் விலக்குவார் உலகில் இலர்.

சாவியைத் தாம் வையாது எக்ஸ்சேஞ்சு என்னும் மாற்று நிலையங்களில் வைத்திருப்போரே நம் நாட்டிற் பலர். அவர்க்கு நேரும் இடர் பொறி பற்றியதன்று, வழக்குப் பற்றியது. 2018 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி இத்தகைய நிலையங்கட்கு வங்கிகள் சேவை செய்தலைத் தடுத்தது; 2020 மார்ச் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. 2022 முதல் இலாபத்தில் நூற்றுக்கு முப்பது வரியும், விற்குந்தோறும் நூற்றுக்கு ஒன்று பிடித்தமும் உள. எடுத்த பணம் குறைந்திருக்கிறது என்று வருவோருட் சிலர்க்கு இப்பிடித்தமே விடை.

2024 ஜூலை 18ஆம் நாள் வாசிர்எக்ஸ் என்னும் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. கணக்குகள் முடக்கப்பட்டன, நட்டத்தை எல்லா வாடிக்கையாளர்க்கும் பங்கிட முற்பட்டனர். களவுபோன வகையைச் சேராத நாணயத்தை அங்கு வைத்திருந்த ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். 2025 அக்டோபர் 25ஆம் நாள் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் வழங்கிய ஆணையில், இத்தகைய நாணயம் தொட்டறியும் பொருளன்றாயினும், செலாவணிப் பணமன்றாயினும், ஒருவர் உடைமையாகக் கொள்ளவும் பிறர்பால் நம்பிக்கையாக ஒப்படைக்கவும் தக்க சொத்தே என்று கூறி, அவர்க்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தனர். பிறரிடம் வைத்த பணம் வெறும் எண்ணன்று, சொத்து என்பது நம் மாகாணத்து நீதிமன்றத்தாலேயே கூறப்பட்டது எமக்கு மகிழ்ச்சி. ஆயினும் வழக்காடிப் பெறுதற்குக் காலமும் செலவும் வேண்டும் என்பதும் வெளிப்படை.

மைனிங் என்பதனைப் பற்றியும் எம்மை வினவுவோர் உளர். ஏடெழுதி அதற்குக் கூலியாகப் புதுக்காசு பெறுதலே மைனிங். சிலர் இதனைச் சுரங்கத் தொழில் என்று மொழிபெயர்த்துள்ளனர். எமது கரையோரத்தார் பெயரிட்டிருப்பின் குளித்தல் என்றே இட்டிருப்பர். 1955 முதல் 1961 வரை நடந்த இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பு வரையிலும், சிப்பிகளை ஆயிரக்கணக்கில் திறவாமலே ஏலம் கூறினர். எந்தச் சிப்பியில் முத்து என்பதை ஏலமெடுத்தாரும் அறியார், விற்றாரும் அறியார். மைனிங் பொறியும் அவ்வாறே ஓர் எண்ணை மாற்றி மாற்றி இட்டு, ஹாஷ் என்னும் கணக்கின் விடை குறித்த எல்லைக்குக் கீழ் விழுகின்றதா என்று பார்க்கின்றது. அறிவாற்றல் இதில் இல்லை. எத்தனை சிப்பி திறந்தோம் என்பதே. வேறுபாடு ஒன்றுண்டு: குளிப்போர் மிக்கால் இங்கு முத்து மிகாது. 2016 ஏடுகளுக்கு ஒருமுறை கடினம் தானே திருத்தப்பட்டுப் பத்து நிமிஷத்திற்கு ஒன்றே கிடைக்கும்.

உப்பு வியாபாரி ஒருவர் ஆன்ட்மைனர் எஸ்9 என்னும் பழைய பொறியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் கிடங்கில் வைத்து, பொறி பழுது, வருமானம் இல்லை என்று எம்மை அழைத்தார். பழுதும் உண்மையே. உப்புக் கலந்த ஈரக்காற்றை இரு விசிறிகளும் உள்ளிழுத்து, செப்புத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. மூன்று பலகைகளுள் ஒன்று விடையளிக்கவில்லை. வெப்பம் மிகுந்து பொறி தானே நின்று நின்று இயங்கிற்று. பலகையைச் சாராயத்தால் துடைத்து, வேறு அறைக்கு மாற்றினால் ஒருகால் இயங்கும் என்றோம். ஆயினும் முதலிற் கணக்கைப் பார்ப்போம் என்று தாளை எடுத்தோம். அப்பொறி நன்னிலையில் விநாடிக்கு 13.5 இலட்சம் கோடி முறை முயலும். கேட்டவர் மலைத்தார். உலகத்துப் பொறிகள் யாவும் சேர்ந்து முயலுவது 2025ஆம் ஆண்டில் அதனைப் போல ஏறத்தாழ 7.4 கோடி மடங்கை எட்டிற்று. நாளொன்றுக்கு உலகெங்கும் பிறக்கும் புதுக்காசு ஏறத்தாழ 450 பிட்காயின். பங்கிட்டால் இவர்க்கு வருவது ஒரு பிட்காயினைப் பத்துக் கோடியாகப் பகுத்ததில் 608 பங்கு. ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 61 ரூபாய். பொறி உண்ணும் மின்சாரமோ 1,350 வாட். நாளொன்றுக்கு 32 யூனிட்டுக்கு மேல். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால் 259 ரூபாய். குழுவிற் சேராமல் தனித்தே முயன்றால் முழு ஏடொன்று கிடைக்கச் சராசரி 1,400 ஆண்டு ஆகும். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் அவர் கிடங்கு வாயிலிலிருந்து தெரியும். அவற்றைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பொறியை நிறுத்தச் சொன்னார்.

பொறியே வேண்டாம், பணம் தருக, எங்கோ ஒரு நாட்டில் உமக்காகக் குளித்துத் தருகிறோம் என்போரைப் பற்றி நீட்டித்து எழுத வேண்டுவதில்லை. 2015ஆம் ஆண்டளவில் தொடங்கிய கெயின்பிட்காயின் திட்டம் மாதம் நூற்றுக்குப் பத்தாகப் பதினெட்டு மாதம் தருவதாகக் கூறிற்று; 2025 பிப்ரவரியில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் அது குறித்து நாட்டின் பல இடங்களிற் சோதனையிட்டனர். மேலே காட்டிய கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டவர்க்கு மாதம் நூற்றுக்குப் பத்து என்னும் சொல்லே போதும். உண்மையாகவே குழுவிற் சேர்ந்து குளிப்போர் ஐயம் ஒன்று மட்டும் கூறுவோம். ஏடெழுதிப் பெற்ற புதுக்காசை அடுத்து நூறு ஏடுகள் எழுதப்படும் வரை, அஃதாவது ஏறத்தாழப் பதினேழு மணி நேரம், செலவெழுத இயலாது. அது பழுதன்று, விதி.

தம்பியின் பொருட்டு 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணிற்குச் சொன்னோம், புகாரும் பதிந்தோம். அண்ணன் கப்பலிலிருந்து இறங்கி வந்து, தம்பியை ஒன்றும் சொல்லாமல், கடன் வாங்கிச் சுவரை எழுப்பினார். தம்பி இப்பொழுது துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக வேலை பார்க்கிறான். விடுமுறையில் எம்மைக் காண வருவோரை முதலில் வினவுபவனும் அவனே. ஆதலின் இம்மலரைப் படிக்கும் எமது ஊரார்க்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய இடருடன் வருவோர் பரிவர்த்தனை எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருக. பன்னிரண்டு சொற்களை எழுதிய தாளை வீட்டிலேயே வைத்து வருக. எம்மிடமும் காட்ட வேண்டுவதில்லை. நோட்டு நனைந்த குறையாயின் மட்டும், கணிப்பொறியை யாம் உம் வீட்டிற்குக் கொண்டு வருவோம், தட்டுபவர் நீராயிருப்பீர்.